மேலேர்ந்து ஓட்டவும்

மேலேர்ந்து ஓட்டவும்னு எழுதி வச்சிருக்கான். சரி ராசா, ஓட்டியாச்சு, போதுமா? இனிமே இந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டர் முக்கி முனகி முடிக்கிற வரைக்கும், இருபத்திரெண்டு நிமிஷம், நான் கையைக் கட்டிக்கிட்டு திரையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். மணி பத்து ஐம்பத்தி மூணு. பக்கத்து ரூம்ல குருவம்மா காலையில எட்டரையிலேர்ந்து மல்லாக்கப் படுத்திருக்காங்க, உள்ள கருவி வச்சபடி, காலை அசைக்கக் கூடாது, ஒருக்களிக்கக் கூடாது, இருமக்கூட யோசிக்கணும். கர்ப்பப்பை வாயில புற்று. வாரத்துக்கு ஒரு தடவைன்னு நாலு வாரம், அரிசி அளவு இருக்கிற, கதிர் வீசுற ஒரு பொருள் அந்தக் கருவி வழியா உள்ள போயி, நான் சொல்ற செகண்டு வரைக்கும் இருந்துட்டு வெளிய வந்துரும். இது மூணாவது வாரம். செகண்டைச் சொல்ற ஆளு நான். கதிர் சிகிச்சைப் பிரிவுக் கதவுல ஃபிசிசிஸ்ட்டுனு போட்டு ரெண்டு பேரு இருந்துச்சு, இப்ப நிலோஃபர்னு என் பேரு மட்டும்தான் இருக்கு, இன்னொண்ணை உரிச்சு எடுத்த பசைத் தடம் இன்னும் போகல. எல்லாம் முடிஞ்சுருச்சுனுதான் நினைச்சேன். பிளான் போட்ட கம்ப்யூட்டர் நானூத்தி எழுபத்தாறு செகண்டுனு சொல்லுச்சு, சரிபார்க்கிற ஃபைலும் நானூத்தி எழுபத்தாறுனு சொல்லுச்சு, புள்ளிக்கு அப்புறம் ரெண்டு இலக்கம் வரைக்கும் அச்சு அசல். அப்பாடான்னு பேனா மூடியைக் கழட்டிட்டேன். கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அப்பத்தான் அந்த விடைக்கு மேல, கதவுல பேரு போன இக்னேஷியஸ் எழுதி வச்சிருந்த வரி கண்ணுல பட்டுச்சு. 'ரெண்டு விடையும் கடைசிப் புள்ளி வரைக்கும் ஒண்ணா இருக்கா? சந்தோஷப்படாதீங்க. உண்மையிலேயே ரெண்டு தடவை போட்ட கணக்கு கொஞ்சமாவது முரண்டு பிடிக்கும். மேலேர்ந்து ஓட்டவும்.' எட்டு மாசமா இந்த ஃபைலைத் திறக்கிறேன், எட்டு மாசமா இந்த வரியைத் தாண்டித்தான் போறேன். இன்னைக்கு மட்டும் ஏன் நின்னேன்னு தெரியல. மூடியை மறுபடி போட்டுட்டு, அவனைத் திட்டிக்கிட்டே மேலேர்ந்து ஓட்டுனேன்.

இது என்ன ஃபைல்னு பெரிய டாக்டர் ஒரு தடவை கேட்டப்ப நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி பதில் சொன்னேன், 'கணக்கும் இல்ல சார், கதையும் இல்ல, ரெண்டுங்கெட்டான்'னு. எல்லாரும் சிரிச்சாங்க. இக்னேஷியஸும் சிரிச்சான், ஆனா அவன் காது சிவந்து போச்சு. சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்தான், எந்தக் கம்ப்யூட்டர்லயும் திறக்கும், பத்து வருஷம் கழிச்சும் திறக்கும். நாலு வரி தமிழ்ல பேச்சு, அப்புறம் ஒரு புரோகிராம் துண்டு, மறுபடி நாலு வரி பேச்சு, மறுபடி ஒரு துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் மேல ஒரு வரி, கீழ ஒரு வரி, வேலி போட்ட மாதிரி. வேலிக்குள்ள இருக்கிறதைக் கம்ப்யூட்டர் ஓட்டும், வெளிய இருக்கிறதைத் தொடவே தொடாது. ஓட்டுன விடை அந்தத் துண்டுக்குக் கீழயே வந்து உக்காந்துக்கும். 'உள்ள இருக்கிறது மெஷினுக்கு, வெளிய இருக்கிறது மனுசனுக்கு, ரெண்டையும் ஒரே எடத்துல வச்சாத்தான் நிலோ ஒண்ணை விட்டு ஒண்ணு ஓடிப்போகாது'ம்பான். எனக்கு எக்செல் போதும். கட்டம் இருக்கு, நம்பர் இருக்கு, மூடிட்டுப் போகலாம். இவன் என்னடான்னா ஒவ்வொரு துண்டுக்கும் முன்னாடி உக்காந்து பேசிக்கிட்டே இருப்பான், இந்த எண்ணை ஏன் எடுத்தேன், இதை எங்கேர்ந்து எடுத்தேன், போன மார்ச்சுல இதே இடத்துல நான் எப்படிச் சறுக்கினேன், நீங்களும் சறுக்காதீங்க. நானும் அவனும் ஒரே நாள்ல வேலைக்குச் சேந்தவங்க. அவனுக்குத் திண்டுக்கல், எனக்கு இங்கயே மதுரை. ஒருத்தர் பிளான் போட்டா இன்னொருத்தர் தனியாக் கணக்குப் போட்டுச் சரிபார்க்கணும், அதுதான் முறை, ஒரே ஆளு ரெண்டையும் பாக்கக் கூடாது. அவன் கோயமுத்தூருக்கு வேலை மாறிப் போனான், பதிலுக்கு ஆள் வரும் வரும்னாங்க, வரல. இப்ப பிளானும் நானே, சரிபார்க்கிறதும் நானே. கிளம்புற அன்னைக்குக் கேன்டீன்ல வடையும் டீயும் வாங்கி வச்சுக்கிட்டு எல்லாரையும் கூப்பிட்டான். வேலை இருக்குனு நான் போகல. வேலை ஒண்ணும் இல்ல. ரூமுக்குள்ள உக்காந்து கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். கோவம், என்னைத் தனியா விட்டுட்டுப் போறானேன்னு கோவம், அதை யார்கிட்ட சொல்ல முடியும். அவன் வந்து கதவுல நின்னு, 'ஃபைல்ல எல்லாம் எழுதியிருக்கேன் நிலோ'ன்னான். 'எழுதுறதைத் தவிர உனக்கு வேற என்ன தெரியும்'னேன். யா அல்லா, என்ன வாயி இது எனக்கு.

ரெண்டாவது துண்டு ஓடி முடிச்சுருச்சு. மூணாவதுதான் எமகாதகன். பத்து லட்சம் கதிர்த் துகளை ஒவ்வொண்ணாக் கிளப்பிவிட்டு எது எங்க போயி விழுதுன்னு பாக்குது. ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி விழும், அதனால விடையும் புள்ளிக்கு அப்புறம் கொஞ்சம் அப்படி இப்படி ஆடும், ஆடணும். அப்ப எனக்கு எப்படி ஆடாம வந்துச்சு? சரி, ஒத்துக்கிட வேண்டியதுதான், வேற யாரும் கேக்கல. நான் கடைசித் துண்டை மட்டும் ஓட்டுனேன். மத்ததையெல்லாம் ஓட்டல. கீழ இருக்கிற துண்டு மேல இருக்கிற துண்டோட விடையைக் கேக்கும், மேல இருக்கிறதைப் புதுசா ஓட்டலேன்னா துகள் கணக்குக்குப் பிளான் சொன்னதையே கடன் வாங்கிக்கிட்டு, கதிர் வலுவுக்குப் போன தடவை உக்காந்திருந்த பழைய விடையை எடுத்து நீட்டும், நேத்து வச்ச குழம்பைச் சூடு பண்ணி இப்பத்தான் இறக்கினேன்னு ஊத்துற மாதிரி. ஊத்துனா ஊத்துனதுதான், ருசி பாத்துக் கண்டுபிடிக்க இது குழம்பு இல்லையே. ஏன் அப்படிப் பண்ணேன்? காலையில என் பொண்ணு சஃபா ஸ்கூல் வேனை விட்டுட்டா, ஒரு கால்ல ஷூவும் ஒரு கால்ல சாக்ஸுமா அவளைத் தூக்கி வண்டியில வச்சு ஸ்கூல்ல இறக்கிவிட்டுட்டு கோரிப்பாளையம் சிக்னல்ல மூணு தடவை சிகப்பு விழுந்து ஆஸ்பத்திரிக்குள்ள வரும்போதே ஒம்பதேகால், வத்சலா டாக்டர் ஸ்கேன் முடிச்சுட்டுப் பிளானுக்குக் காத்துக்கிட்டு இருந்தாங்க. இதெல்லாம் காரணமா? இது காரணம்னா தினமும் ஒரு காரணம் இருக்கு. போன் அடிக்குது. வத்சலா டாக்டர்தான். 'நிலோஃபர், எவ்வளவு நேரம்மா? அந்தம்மாவுக்கு வலி மருந்து இறங்கிக்கிட்டு இருக்கு.' 'இன்னும் பதினாலு நிமிஷம் மேடம்.' 'முடிஞ்சதுன்னு சொன்னியே?' 'ஒரு தடவை முழுசா ஓட்டிப் பாத்துக்கிறேன் மேடம்.' அந்தப் பக்கம் பெருமூச்சு. 'சீக்கிரம்.' வச்சுட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, அவங்களுக்கும் வெளிய பதினோரு பேரு உக்காந்திருக்காங்க. ஆனா நான் ஏன் 'முடிஞ்சது'னு முதல்ல சொன்னேன்? எல்லாம் சரியா இருந்து, வெறுமனே ஒரு வரியைப் பாத்துப் பயந்துக்கிட்டு ஒரு மனுசியை இருபத்திரெண்டு நிமிஷம் கூடுதலா வலியில படுக்கப் போட்டிருக்கேனா? அப்படித்தான் இருக்கும். அப்படியே இருக்கட்டும்னும் வேண்டிக்கிறேன், அப்படி இருந்தா அவனைத் திட்டலாம்.

உக்கார முடியல. எந்திரிச்சுப் போனேன். குருவம்மா கண்ணைத் திறந்து கூரையைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க, ஜெபமணி சிஸ்டர் பக்கத்துல நின்னு அவங்க உதட்டை ஈரப் பஞ்சால துடைச்சுக்கிட்டு இருந்தாங்க. 'என்னம்மா, ரொம்ப வலிக்குதா?'ன்னேன். 'வலிக்கத்தான் செய்யுது தாயி, அதுக்கு என்ன பண்ண'ன்னாங்க, ஏதோ மழை பெய்யுதுங்கிற மாதிரி. மன்னிச்சுக்கோங்கம்மா, இன்னும் பத்து நிமிஷம், ஒரு கணக்கைத் திரும்பப் பாக்குறேன்னு சொன்னேன். 'பாரு தாயி, நல்லாப் பாரு. நானும் கணக்குப் பாக்குற ஆளுதான்'னு சிரிச்சாங்க. என்ன கணக்குன்னேன். கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீசுல முப்பது வருஷம் குச்சி அடுக்குன கையாம், எண்ணாம இருக்க முடியாதாம். 'எல்லாரும் வெளிய போயி அந்தப் பெரிய கதவைச் சாத்திருதீக. உள்ள நான் ஒத்தையில. பயத்துல செத்துரக் கூடாதுல்ல, அதான் எண்ணுவேன். மணி அடிச்சு கதவு திறக்கிற வரைக்கும் எண்ணுவேன். மொத வாரம் நாலரை நூறு வந்துச்சு. போன வாரம் நாலே முக்கால். இருவத்தஞ்சு முப்பது கூடுது தாயி, வாரா வாரம். இன்னைக்கு அஞ்சு நூறு வந்துரும்ல?' ஜெபமணி சிஸ்டர் சிரிச்சாங்க, 'இந்தம்மா நம்மளை விட உசாரு'ன்னு. எனக்குச் சிரிப்பு வரல. கூடணும். ஆமா, கூடத்தான் செய்யணும். அந்தக் கதிர்ப் பொருள் தினமும் நூத்துல ஒரு பங்கு வலு இழக்கும், எழுபத்திநாலு நாள்ல பாதியாயிரும், அதனால அதே அளவு கதிர் உடம்புல இறங்கணும்னா ஒவ்வொரு வாரமும் கூட நேரம் இருக்கணும். பாடப்புத்தகத்துல முதல் பக்கம். போன வாரம் என்ன சொன்னேன்? நானூத்தி எழுபத்தாறு. இன்னைக்கு என்ன வந்துச்சு? நானூத்தி எழுபத்தாறு. 'வந்துரும்மா'ன்னு சொல்லிட்டு வந்தேனா, சொல்லாமலே வந்தேனான்னு ஞாபகம் இல்ல.

ஃபைல் பழைய விடையைக் கொடுத்துச்சு, சரி, அது புரியுது. ஆனா பிளான் போட்ட கம்ப்யூட்டரும் ஏன் அதையே சொல்லுச்சு? அதுக்குப் பழைய விடை நீட்டுற பழக்கம் கிடையாதே. அதைத் திறந்து பாக்கக் கை வரல. மவுஸைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே இருக்கேன். திறந்தேன். தேதி. எங்க மெஷின் பழசு, தேதியை நாமதான் கொடுக்கணும். போன வாரப் பிளானை நகல் எடுத்து இன்னைக்கு ஸ்கேனுக்கு ஏத்த மாதிரி மாத்துனேன், எல்லாத்தையும் மாத்துனேன், தேதியை மாத்தல. போன செவ்வாக்கிழமை. அது போன செவ்வாக்கிழமை வலுவை வச்சுக் கணக்குப் போட்டிருக்கு, நடுவுல வேற யாருக்கும் இந்தச் சிகிச்சை இல்லாததால ஃபைலும் போன செவ்வாக்கிழமை வலுவை எடுத்து நீட்டியிருக்கு, ரெண்டு பொய்யும் கை குலுக்கிக்கிச்சு, நான் பேனா மூடியைக் கழட்டினேன். திரையில மூணாவது துண்டு முடிஞ்சு நாலாவதும் முடிஞ்சு கடைசித் துண்டுக்குக் கீழ விடை வந்து உக்காந்துச்சு. ஐநூத்தி ஏழு புள்ளி ஒம்பது. பிளான் நானூத்தி எழுபத்தாறு. அதுக்குக் கீழ இக்னேஷியஸ் எழுதிவச்ச புரோகிராம் தமிழ்லயே அச்சடிச்சுச்சு, 'வித்தியாசம் நூத்துல ஆறுக்கு மேல. சிகிச்சை ஆரம்பிக்க வேண்டாம்.' முப்பத்திரெண்டு செகண்டு. நான் கையெழுத்துப் போட்டிருந்தா குருவம்மாவுக்கு இன்னைக்கு முப்பத்திரெண்டு செகண்டு கதிர் குறைஞ்சிருக்கும். யாருக்கும் தெரிஞ்சிருக்காது. மணி அடிச்சிருக்கும், கதவு திறந்திருக்கும், அவங்க எனக்கு நன்றி சொல்லிட்டு வீட்டுக்குப் போயிருப்பாங்க, தப்பிச்ச ஏதோ ஒரு மூலையில ஏதோ ஒண்ணு உயிரோட உக்காந்திருக்கும், ரெண்டு வருஷமோ மூணு வருஷமோ கழிச்சு அது எந்திரிச்சா விதின்னு சொல்லியிருப்போம். கண்ணுல தண்ணி வந்துருச்சு. அல்ஹம்துலில்லாஹ். வேற எதுவும் வாயில வரல. டேய் இக்னேஷி, நீ போகவே இல்லையேடா. நான் ஒருத்தியா உக்காந்து ரெண்டு பேர் வேலை பாக்குறேன்னு எட்டு மாசமா ஊரெல்லாம் புலம்பிக்கிட்டு இருக்கேன், ரெண்டாவது ஆளு இங்கயேதான் இருந்திருக்கான், வேலிக்கு வெளிய, மெஷின் தொடாத இடத்துல. நான்தான் அவனைப் பேச விடாம ஒவ்வொரு நாளும் தாண்டித் தாண்டிப் போயிருக்கேன்.

ஒரு நிமிஷம். ஒவ்வொரு நாளும்னா? மத்த நாள்ல? மத்த ஆளுங்க? பழைய பதிவையெல்லாம் திறந்தேன். இந்தக் கிறுக்கன் அதுக்கும் ஒரு துண்டு எழுதி வச்சிருக்கான், ஒவ்வொரு விடைக்கும் பக்கத்துல அது எந்தத் தேதி வலுவை வச்சு வந்துச்சுன்னு குறிச்சுக்கிட்டே வந்திருக்கு, நான் கேக்காமலே. ஒவ்வொண்ணாப் பாத்தேன். ஜூன், ஜூலை, ஆகஸ்ட்னு இன்னைக்கு வரைக்கும். ஓட்டாத நாள் நிறைய இருக்கு, வெக்கமாத்தான் இருக்கு, ஆனா அன்னைக்கெல்லாம் முந்தின நாள் வலு, கூடிப்போனா ரெண்டு நாள், நூத்துல ஒண்ணு ரெண்டுதான் தள்ளாடியிருக்கு, பிளான் தேதி எல்லாத்துலயும் சரியா இருக்கு. இன்னைக்கு மட்டும்தான் ரெண்டும் சேந்து தப்பு. போன வாரம் குருவம்மாவோடதும் சரி. மூச்சு திரும்பி வந்துச்சு. தேதியை மாத்தினேன், பிளான் ஐநூத்தி எட்டு புள்ளி மூணுன்னு சொல்லுச்சு. கடைசித் துண்டை ஓட்டினேன், மேல எல்லாம் இப்பத்தான் இறக்கின சூடு. ஐநூத்தி எட்டு புள்ளி மூணு, ஐநூத்தி ஏழு புள்ளி ஒம்பது. முரண்டு பிடிக்குது. நல்லாப் பிடி, தங்கமே. வத்சலா டாக்டருக்குப் போன் போட்டேன். 'மேடம், பிளான்ல தேதி தப்பாப் போட்டிருந்தேன். தப்பு என்னோடதுதான். இப்பச் சரி பண்ணிட்டேன்.' திட்டப்போறாங்கன்னு நினைச்சேன். 'எவ்வளவு குறைஞ்சிருக்கும்?' 'நூத்துல ஆறு.' 'பதிவேட்டுல எழுதிரு. நானும் வந்து ஒரு தடவை பாக்குறேன், இனிமே நீ தனியாப் பாக்க வேண்டாம், ஆள் போடச் சொல்லி நானே எழுதுறேன்'னாங்க. அப்புறம் குரல் இறங்கி, 'எப்படிம்மா பிடிச்ச?'ன்னாங்க. இக்னேஷியஸ் பிடிச்சான் மேடம்னேன். அவங்களுக்குப் புரிஞ்சுதோ என்னவோ.

பெரிய கதவு சாத்தியாச்சு. மஞ்சள் விளக்கு எரியுது. நான் கன்சோல் முன்னாடி நின்னுக்கிட்டு இருக்கேன், டாக்டர் பக்கத்துல, சின்னத் திரையில குருவம்மா தெரியிறாங்க, உதடு அசையுது, எண்ணிக்கிட்டு இருக்காங்க. நூறு. இருநூறு. என்னால வேற எதையும் நினைக்க முடியல. சஃபாவோட இன்னொரு ஷூ வண்டியிலயே கிடக்கு, அதை மட்டும் நினைச்சேன், அதுவும் ஓடிப்போச்சு. முன்னூறு. நானூறு. நானூத்தி எழுபது. நானூத்தி எழுபத்தாறு. இங்க நின்னிருக்கும். இந்த இடத்துல மணி அடிச்சிருக்கும். நிக்கல. எழுபத்தேழு, எழுபத்தெட்டு. இதுக்கு மேல போற ஒவ்வொரு செகண்டும் எனக்குக் கிடைச்ச பிச்சை. எட்டு மாசத்துக்கு முன்னாடி ஒருத்தன் மெனக்கெட்டு உக்காந்து, யாருக்கோ, என்னை மாதிரி ஒரு வாயாடிக்கு, நாலு வரி எழுதி வச்சதுல கிடைச்ச செகண்டு. நானூத்தி தொண்ணூறு. குருவம்மா உதடு நிக்கல. ஐநூறு. அவங்களும் நானும் சேந்து எண்ணுறோம், நடுவுல அவ்வளவு தடிச் சுவரு. ஐநூத்தி எட்டு. மணி அடிச்சுச்சு.

சிஸ்டர் உள்ள போயி கருவியை எடுக்கிறதுக்குள்ள ரூமுக்கு ஓடிவந்து அவன் வரிக்குக் கீழ, வேலிக்கு வெளிய, எழுதினேன். 'நின்னேன். ஓட்டினேன். முப்பத்திரெண்டு செகண்டு கிடைச்சுச்சு. இதைப் படிக்கிறவங்களும் நில்லுங்க. நிலோஃபர்.' அப்புறம் போனை எடுத்து, எட்டு மாசத்துல முதல் தடவையா, இக்னேஷியஸுக்கு அனுப்பினேன்: உன் ஃபைலை மேலேர்ந்து ஓட்டினேன்டா. உடனே பதில் வந்துச்சு. 'நீயா? முழுசாவா?' முழுசான்னேன். ரெண்டுங்கெட்டான்னு சொன்னதுக்கும் கேன்டீனுக்கு வராததுக்கும் மன்னிச்சுருன்னேன். ரொம்ப நேரம் எழுதிக்கிட்டு இருக்கான்னு காட்டுச்சு, பக்கம் பக்கமா வரப்போகுதுன்னு நினைச்சேன், வந்தது ஒரே வரி. 'டீ குடிச்சியா?' மேசையில டீ ஆடை கட்டிப் போயி இருக்கு. எடுத்து ஒரே மடக்குல குடிச்சுட்டு குருவம்மாகிட்டப் போனேன். சக்கர நாற்காலியில உக்கார வச்சிருந்தாங்க, முகம் வெளுத்துப் போயி, ஆனா கண்ணு நல்லா இருந்துச்சு. என் கையைப் பிடிச்சு, 'அஞ்சு நூறும் மேலயும் வந்துச்சு தாயி, சொன்னேன்ல'ன்னாங்க. ஆமாம்மா, நீங்க சொன்னது சரி. 'அடுத்த வாரம் எம்புட்டு?' ஐநூத்தி நாப்பத்திரெண்டுக்குப் பக்கத்துல வரும்மா, எண்ணுங்க, நல்லா எண்ணுங்க, குறைஞ்சுச்சுன்னா விடாதீங்க, சத்தம் போட்டு என்னைக் கூப்பிடுங்கன்னேன். குருவம்மா என்னை ஏற இறங்கப் பாத்தாங்க. 'குறைஞ்சா சும்மா விட்டுருவேனா?'ன்னாங்க.